ஐம்பது கஜத்துக்கு அப்பால் ஒரு கருங்கரடி: கேனன் ஆர்எஃப் 100-400 லென்ஸோடு மூன்று பருவங்கள்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் கரடியை 50 கஜத்துக்குள் வேண்டுமென்றே நெருங்குவது சட்டப்படி குற்றம். அந்தத் தூரத்துக்கு அப்பால் நின்றாலும், நம்மால் கரடி கலைந்துபோகிறது என்றால் அதுவும் குற்றமே. 50 கஜம் என்பது ஏறத்தாழ 46 மீட்டர். நான்கு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம். ஆகவே கருங்கரடியைப் படமெடுக்க விரும்பும் என்னைப் போன்ற பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் எந்த லென்ஸை வாங்கினாலும், அதை நான்கு பேருந்து நீளத்துக்கு இப்பால் நின்றுதான் எடைபோட்டாக வேண்டும். 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கேனன் ஆர்எஃப் 100-400 மி.மீ. எஃப்/5.6-8 லென்ஸை, கேனன் ஆர்7 கேமராவில் மாட்டி, ஒரு மே மாதம், ஓர் ஆகஸ்டு, ஓர் அக்டோபர் என மூன்று பருவங்களில் அப்படித்தான் நான் எடைபோட்டேன். சோதனைக்கூட அட்டவணைகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 46 மீட்டர் தூரத்தில் 400 மி.மீ. லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது, ஃபுல் ஃப்ரேம் எனப்படும் பெரிய சென்சார் (ஒளியைப் பதிக்கும் தகடு) கொண்ட கேமராவின் படச்சட்டத்துக்குள் 4 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் அடங்கும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கொண்ட ஆர்7இல் அதுவே சுமார் இரண்டரை மீட்டராகச் சுருங்கும். பக்கவாட்டில் நிற்கும் வளர்ந்த கருங்கரடியின் நீளத்தை ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கேமராவில் அது சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கையும், இரண்டாவதில் ஐந்தில் மூன்று பங்கையும் நிரப்பும். ஆர்7இன் படம் கிடைமட்டமாக 6,960 புள்ளிகள் கொண்டது என்பதால், கரடிக்கு மட்டும் நாலாயிரம் புள்ளிகள் வரை கிடைக்கின்றன. சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட அது தாராளம். ஆகவே 400 போதுமா என்ற வழக்கமான கேள்விக்கு என் விடை, பூங்கா விதி சொல்லும் தூரத்தில் சிறிய சென்சாரோடு போதும் என்பதே. கரடி நூறு மீட்டரில் இருந்தால் சட்டத்தில் கால்பங்குதான் அதற்குக் கிடைக்கும். அப்போது அதைக் கரடியின் உருவப்படமாக எடுக்க நினைக்காமல், கரடி இருக்கும் புல்வெளியின் படமாக எடுக்க வேண்டும்.

லென்ஸின் எடை 635 கிராம். வெளிவந்தபோது இதன் விலை 650 டாலர். இதே நிறுவனத்தின் 100-500 மி.மீ. லென்ஸ் 2,700 டாலர் விலையில் வந்தது. முக்காலிப் பிடியை நீக்கினாலும் அதன் எடை ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். அந்த நான்கு மடங்கு விலைக்குக் கூடுதலாக நூறு மி.மீ. குவியத்தூரமும், மழையும் தூசியும் புகாத கட்டமைப்பும், இன்னும் கூர்மையான கண்ணாடியும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒளியைப் பொறுத்தவரை, முழு நீட்டத்தில் அது எஃப்/7.1, இது எஃப்/8 (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறுத்து ஒளி குறையும்); வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப்தான். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது. இருட்டில் திணறப்போகிறோம் என்பது உறுதியானபின், இரண்டாயிரம் டாலர் கூடக் கொடுத்துத் திணறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அந்த இருட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பூங்காவின் டென்னசிப் பக்கத்தில், மலைகள் சூழ்ந்த கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கில்தான் என் படங்கள் எல்லாமே எடுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டுக் குடியேறிகளின் மர வீடுகளும், அவர்கள் காடு திருத்தி உருவாக்கிய புல்வெளிகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி 11 மைல் நீளத்துக்கு ஒருவழிச் சாலை ஓடுகிறது. பூங்கா முழுவதிலுமாக ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் இருப்பதாக நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. சதுர மைலுக்கு இரண்டு என்ற கணக்கு. அடர்ந்த காட்டில் இரண்டடி தள்ளி நிற்பதுகூடக் கண்ணில் படாது. திறந்த புல்வெளியும் காட்டின் விளிம்பும் சந்திக்கும் கேட்ஸ் கோவில்தான் அவை தென்படுகின்றன. அதிலும் வசந்தத்திலும் கோடையிலும் அவை அதிகாலையிலும் அந்தியிலும்தான் மிகுதியாக நடமாடுகின்றன. சுருங்கச் சொன்னால், கரடி வெளியே வரும் நேரமும் லென்ஸுக்கு ஒளி போதாத நேரமும் ஒன்றுதான்.

மே மாதத்தின் முதல் காலையில், சூரியன் மலைக்கு மேல் ஏறுவதற்கு முன், பனிமூட்டத்துக்குள் ஒரு பெண் கரடி புல் மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டோம். கரடி மாட்டைப் போல மேயும் என்பதையே அன்றுதான் நேரில் பார்த்தேன். இளவேனிலில் பழமும் கொட்டையும் இல்லாத காலத்தில் இளம்புல்லும் தளிருமே அதன் முதன்மை உணவு. எஃப்/8இல், ஷட்டரை நொடியில் 250இல் ஒரு பங்கில் வைத்தபோது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்; அது கூடக்கூடப் படத்தில் நாய்ஸ் எனும் புள்ளிகள் மிகும்) 6400க்குப் போய் நின்றது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் அதிர்வுத் தடுப்பு ஐந்தரை ஸ்டாப் வரை உதவும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் அது தடுப்பது நம் கை நடுக்கத்தைத்தான். கரடி தலையை அசைத்தால் அதைத் தடுக்க எந்தக் கண்ணாடியாலும் இயலாது. மேயும் கரடி புல்லைக் கடித்து இழுக்கும்போது தலை ஆடும். இரண்டு வாய்க்கு நடுவே, மெல்லும்போது, ஓரிரு நொடி அசையாமல் நிற்கும். அந்த இடைவெளியைக் கற்றுக்கொண்டபின் 125இல் ஒரு பங்குக்குக்கூட இறங்க முடிந்தது. ஐஎஸ்ஓ பாதியாகக் குறைந்தது. விலையுயர்ந்த எஃப்/4 லென்ஸ் தரும் இரண்டு ஸ்டாப்பில் ஒன்றைக் கரடியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தே மீட்டுவிட்டேன் என்று என் மைத்துனனிடம் பெருமையாகச் சொன்னேன். "மிச்சம் இருக்கிற ஒண்ணு எங்க அத்தான்?" என்று கேட்டான். அது கணினியில் நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் இருந்தது.

ஒளி குறைவதைவிடப் பெரிய சிக்கல், கரடி கருப்பாக இருப்பது. அமெரிக்கக் கருங்கரடி என்ற பெயர் இருந்தாலும், கண்டத்தின் மேற்குப் பகுதிகளில் பழுப்பு, இலவங்கப்பட்டை நிறங்களிலும் அவை உண்டு. ஸ்மோக்கி மலைக் கரடிகளோ ஏறத்தாழ எல்லாமே நல்ல கருப்பு. மூக்குப் பகுதி மட்டும் இளம்பழுப்பு. என் மகள் முதல் நாள் படங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, மூக்கு மட்டும்தான் தெரியுது, கரடி எங்கே?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி, தவறு என்னுடையது. காலை வெயிலில் பளபளக்கும் வைக்கோல் நிறப் புல்வெளிக்கு நடுவே சிறியதாகக் கரடி நின்றபோது, கேமரா புல்லுக்கு ஏற்ப ஒளியை அளந்தது. கரடி ஓட்டை விழுந்தது போல் கருத்துப்போனது. அதைச் சரிசெய்யப்போய், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப் கூட்டியே வைத்திருந்தேன். கரடி அருகே வந்து சட்டத்தை நிரப்பியபோது, கருப்பைச் சாம்பலாக்குவதே கேமராவின் ஒளி அளவுமானியின் இயல்பு என்பதை மறந்திருந்த எனக்குச் சாம்பல் பூசிய கரடியின் முப்பது படங்கள் கிடைத்தன. கரடி சிறியதாகவும் பின்னணி வெளிச்சமாகவும் இருந்தால் கூட்ட வேண்டும். கரடி சட்டத்தை நிரப்பினால் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். லென்ஸின் கட்டுப்பாட்டு வளையத்தை இந்தக் கூட்டல் கழித்தலுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். கண்ணை எடுக்காமல் இடது கை விரலால் திருகிக்கொள்ளலாம். இந்த லென்ஸில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால், அந்தச் சொரசொரப்பான வளையத்தைத்தான் சொல்வேன்.

கருப்பு ரோமத்தின் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் வெயிலைவிட மேகமூட்டமே மேல். நேர் வெயிலில் எண்ணெய்ப்பசையுள்ள ரோமம் ஒருபக்கம் வெள்ளியாக மின்னும், மறுபக்கம் தாராக உறையும். மேகத்தின் கீழே, தோள்பட்டையில் ரோமம் சுழி போட்டுத் திரும்பும் இடமும், பனியில் நனைந்த வயிற்று ரோமம் கொத்துக் கொத்தாகக் கூம்பி நிற்பதும், காதோரத்தில் உண்ணி ஒட்டியிருப்பதும்கூடப் பதிவாயின. கண்கள் சிறியவை, பழுப்பு நிறத்தவை. அவற்றில் ஒரு பொட்டு வெளிச்சம் விழாவிட்டால் முகமே குருடாகத் தோன்றும். அந்தப் பொட்டு, கரடி தலையைச் சற்று வானத்தை நோக்கித் தூக்கும்போதுதான் விழும். மோப்பத்துக்காக அது அடிக்கடி மூக்கைத் தூக்குவதால், காத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு வராமல் போகாது.

குவியத்தைப் பற்றிச் சில சொற்கள். இதிலுள்ள நானோ யுஎஸ்எம் மோட்டார் விரைவானது, ஓசை எழுப்பாதது. ஆர்7 விலங்குகளைக் கண்டறியும் வசதியுடன் வந்தாலும், நிறுவனத்தின் பட்டியலில் நாய், பூனை, பறவை ஆகியவையே இருந்தன; கரடிக்கு அதில் இடமில்லை. பக்கவாட்டு முகத்தை நாயென்று எண்ணியோ என்னவோ பல நேரம் பிடித்துக்கொள்கிறது. பிடிக்காதபோது, ஒற்றைப் புள்ளியை இளம்பழுப்பு மூக்கும் கருப்பு நெற்றியும் சேரும் கோட்டில் வைப்பதே நம்பகமான வழி. வெறும் கருப்பின்மேல் வைத்தால், பற்றிக்கொள்ள ஒரு விளிம்பும் இல்லாமல் எந்தத் தானியங்கிக் குவியமும் தடுமாறத்தான் செய்யும்.

ஆகஸ்டில் கதை மாறுகிறது. காட்டுக் கருஞ்செர்ரி பழுக்கும் காலத்தில் கரடிகள் மரத்தின் உச்சிக்கே ஏறிவிடுகின்றன. இருநூறு ராத்தல் எடையுள்ள விலங்கு, தன் மணிக்கட்டு தடிமன்கூட இல்லாத கிளையில் உட்கார்ந்து, அடுத்த கிளையை வளைத்து வாய்க்குக் கொண்டுவரும் காட்சியை நம்புவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். கீழிருந்து பார்த்தால் பின்னணி வெள்ளை வானம். நடுவே ஆயிரம் இலைகள். எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் கூட்டி, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். குவியம் முன்னாலிருக்கும் இலையைத் தேடி ஓடுவதால், கையால் குவித்துக்கொள்வது நல்லது. கரடி அரைமணி நேரம் அதே கிளையில் இருக்கும் என்பதால் அவசரமும் இல்லை. லென்ஸின் எடைக்குறைவு உண்மையில் பயன்பட்டது இங்கேதான். மேல்நோக்கி அரைமணி நேரம் பிடித்திருந்தும் கழுத்துதான் வலித்ததே தவிரக் கை வலிக்கவில்லை. மே தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இறுதி வரை புதன்கிழமைகளில் இந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை; மிதிவண்டியில் 11 மைல் சுற்றியபோதும் லென்ஸ் தோள்பையில் இருந்ததே தெரியவில்லை.

மற்ற நாள்களில் காருக்குள்ளிருந்துதான் பெரும்பாலும் படமெடுத்தோம். அதற்குக் கடையில் விற்கும் பீன் பேக் எதையும் வாங்காமல், ஒரு கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையில் இரண்டு கிலோ பச்சரிசியைக் கொட்டி, வாயைத் தைத்து, கார் ஜன்னல் விளிம்பில் போட்டுக்கொண்டேன். லென்ஸ் அதில் பதிந்து உட்கார்ந்துவிடும். முக்காலிப் பிடி இல்லாத லென்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான தாங்கி இல்லை. எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அதிர்வு ஒரு காரணம், பானெட்டிலிருந்து எழும் வெப்பக்காற்று படத்தைக் கானல்போல் நெளிய வைப்பது இன்னொரு காரணம். ஏசியில் குளிர்ந்த லென்ஸை ஜூலை, ஆகஸ்டு மாதப் புழுக்கத்துக்குள் நீட்டினால் கண்ணாடி முழுக்க ஆவி படியும் என்பதால், பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்குக் கால்மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுவது வழக்கமாயிற்று.

கரடி தென்பட்டதும் சாலை அடைத்துக்கொள்ளும். இதற்கு 'பியர் ஜாம்' என்றே அங்கே பெயர். அப்படி ஒரு நெரிசலில், குட்டிகளோடு நின்ற தாய்க்கரடியை நோக்கி, கையில் செல்பேசியோடு ஒரு குடும்பம் புல்வெளிக்குள் இறங்கி நடந்தது. தாய் முதலில் மேய்வதை நிறுத்தியது, பிறகு மூச்சை 'ஹஃப்' என்று வெளியேற்றி, தாடைகளை டக் டக்கென்று அடித்தது, குட்டிகள் மரமேறின. பூங்காத் தன்னார்வலர் ஒருவர் குரல் கொடுத்து அவர்களைத் திரும்பி வரச் செய்தார். அந்தத் தாடை ஓசை நூறு மீட்டர் தள்ளியிருந்த எங்களுக்குக் கேட்டது, இருபது மீட்டரில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. விதியை மீறினால் ஐயாயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இதே பூங்காவில் கருங்கரடி ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறது என்பதும் பதிவில் உள்ள செய்தி. நெருங்கிப் போய் எடுக்கும் பழக்கமுள்ளவர்கள், ஊருக்குப் போகும்போது நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் அதையே செய்து பார்க்க வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்; நம் தேன்கரடி இந்தக் கருங்கரடியைவிடப் பன்மடங்கு எளிதில் பாயக்கூடியது.

எதிர்பாராமல் கிடைத்த பயன் ஒன்று உண்டு. இந்த லென்ஸ் கிட்டத்தில் 88 சென்டிமீட்டர் வரை குவியும். பொருளின் இயல்பளவில் 0.41 மடங்கு வரை சென்சாரில் பதிக்கும். கரடியே காணாத ஒரு அக்டோபர் பகலில், பீச் மரத்தின் வழவழப்பான சாம்பல் பட்டையில் ஐந்து ஐந்தாக ஏறிச் சென்ற நகக்கீறல்களை எடுத்தேன். பழைய கீறல்கள் மரம் பருத்ததில் அகன்று கருத்துத் தழும்பாகியிருந்தன. புதியவற்றின் ஓரத்தில் பட்டைத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. ஓக் கொட்டைகளின் சிதறிய ஓடுகளையும் அவ்வாறே எடுத்தேன். கரடிப் படங்களைவிட இவற்றைத்தான் நண்பர்கள் நெடுநேரம் பார்த்தார்கள்.

குறைகள் வெளிப்படையானவை, விளம்பரத் தாளைப் படித்தாலே தெரியும். மழை, தூசிக் காப்பு கிடையாது. ஸ்மோக்கி மலைகளில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், ரொட்டி வந்த பாலிதீன் உறை ஒன்றும் ரப்பர் வளையம் ஒன்றும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். நிழல்கவசமான ஹூடைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எதிர்வெயிலில் பனிமூட்டத்தை எடுப்பவர் அதை வாங்காமலிருக்க முடியாது. 650 டாலரோடு ஒரு பிளாஸ்டிக் வளையத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் இதில் பொருந்தும், 560 மி.மீ. கிடைக்கும், ஆனால் துளை எஃப்/11ஆகச் சுருங்கும். இரவல் வாங்கி ஒரு காலை மட்டும் போட்டுப் பார்த்தேன். எட்டரை மணி வெயிலில் மயில்நீல வண்ணத்துப்பூச்சிக்குச் சரி, ஆறரை மணிக் கரடிக்கு வேலைக்காகாது. விலை ஏறத்தாழ ஒத்துவரும் 600 மி.மீ. எஃப்/11 லென்ஸையும் இதே காரணத்துக்காகவே கரடிக்கென்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2023இல் வந்த 200-800 லென்ஸ் இரண்டு கிலோவுக்கு மேல். தூரத்துப் பறவைகள் முதன்மையென்றால் அதைப் பார்க்கலாம், மிதிவண்டியில் போகிறவர்கள் பார்க்க வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர், கரடி சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கே வரும் என்பதை ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும். பதிலுக்கு, பெரிய சென்சாரில் நாய்ஸ் குறைவு என்பதால், ஐஎஸ்ஓ 6400 அவருக்கு என்னைவிட இனிமையாக இருக்கும்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2023 மார்ச் முதல், கால்மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதற்கு மட்டும் நாளுக்கு 5, வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 டாலர் என்று சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நான் ஆண்டுச் சீட்டாகவே வாங்கிவிட்டேன். செர்ரி பழுக்கும்போது இதே லென்ஸோடுதான் மீண்டும் போகப்போகிறேன். அரிசிப் பையில் மட்டும் இம்முறை இன்னொரு கிலோ கூடும். மகளும் தனக்கொரு ஜன்னல் வேண்டும் என்கிறாள்.